கார் கதவில் ஸ்பீக்கர் மாட்டப் போகிறவர்கள் இதைப் படித்துவிட்டுப் போங்கள்

செங்கோட்டை, புளியரை, தென்காசி வட்டாரத்தில் கார் வைத்திருப்பவர்கள், மழைக்கு முன்னால் கதவு ஸ்பீக்கரை மாற்றிவிடலாம் என்று மலைக்கு அந்தப் பக்கம் கேரளாவுக்குப் போகிற எண்ணத்தில் இருந்தால் கொஞ்சம் நில்லுங்கள். கடையின் பெயரை நான் போடவில்லை. இதே வேலையை இதே லட்சணத்தில் செய்கிறவர்கள் இந்தப் பக்கமும் இருக்கிறார்கள்.

என்னுடையது மஞ்சள் போர்டு வண்டி, நானே ஓட்டுகிறேன். முன் கதவு இரண்டுக்கும் ஆறரை அங்குல ஸ்பீக்கர், அதைப் பொருத்த மரவளையம், தகரம் அதிராமல் இருக்க ஒட்டுகிற டேம்பிங் ஷீட், கூலி எல்லாம் சேர்த்து 9,000 ரூபாய்க்கு மேல் வாங்கிக்கொண்டார்கள். ஆவணியில் மாட்டியது. நம் ஊரில் ஆனி ஆடியில் சாரல், ஐப்பசி கார்த்திகையில் அடைமழை, அதனால் தண்ணீர் பட்டால் தாங்குமா என்று கேட்டேன். "ஒண்ணும் பேடிக்கண்டா அண்ணாச்சி" என்று, பயப்பட வேண்டாம் என்கிற மாதிரி சிரித்தார் கடைக்காரர்.

கார்த்திகை பிறந்து சாமிமார் சவாரி தொடங்கியதும் டிரைவர் பக்க ஸ்பீக்கர் கரகரக்க ஆரம்பித்தது, அப்புறம் பிரேக் போடும்போதெல்லாம் கதவுக்குள் சளக் சளக் என்று தண்ணீர் சத்தம், இடது பக்கம் பாட்டே நின்றுவிட்டது. கடைக்குக் கொண்டுபோனால் கழற்றிக்கூடப் பார்க்கவில்லை. "வெள்ளம் கேறியதா, வாரண்டி கிட்டில்லா" என்றார்கள், தண்ணீர் ஏறினால் வாரண்டி கிடையாதாம். இடது பக்க ஸ்பீக்கரை மூடியிருக்கும் வலை உள்ளே அமுங்கியிருப்பதைக் காட்டி, கால் பட்டு உடைந்தது உங்கள் பொறுப்பு என்று அதையும் சேர்த்துக்கொண்டார்கள். கார் கதவில் மழையும் காலும் படாமல் வேறென்ன படும்?

ஊருக்கு வந்து தெரிந்த எலக்ட்ரீஷியனிடம் கதவின் உள்பக்க மூடியான டோர் பேடைக் கழற்றச் சொன்னேன். உள்ளே கம்பெனியில் ஒட்டியிருந்த பிளாஸ்டிக் ஷீட்டை ஸ்பீக்கர் அளவுக்கு பிளேடால் கிழித்து, திரும்ப ஒட்டாமல் அப்படியே தொங்கவிட்டிருந்தார்கள். மரவளையம் என்று காசு வாங்கியது மரத்தூளை அழுத்திச் செய்த வெறும் எம்டிஎஃப் பலகை, டீயில் நனைத்த ரஸ்க் மாதிரி ஊறிப்போய் ஸ்க்ரூ கையோடு வந்தது. மேக்னட் முழுக்கச் செம்மண் நிறத்தில் துரு. கதவின் அடியில் தண்ணீர் வடிகிற ஓட்டைகளை டேம்பிங் ஷீட்டும் சிலிக்கானும் வைத்து அடைத்திருந்ததுதான் உச்சம்.

தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன், கதவுக்குள் தண்ணீர் வருவது கோளாறே இல்லை. கண்ணாடியில் வழிகிற மழை, பீடிங் ரப்பரைத் தாண்டி உள்ளே இறங்கத்தான் செய்யும், அடியில் உள்ள ஓட்டை வழியாக வெளியே போய்விடும். அந்த பிளாஸ்டிக் ஷீட் இருப்பது, தண்ணீர் இந்தப் பக்கம் வராமல் தகரத்தோடேயே இறங்கிப் போவதற்கு. ஷீட்டைக் கிழித்து ஓட்டையையும் அடைத்தால் கதவு தொட்டியாகிவிடும், ஸ்பீக்கரோ அதன் கீழ்ப்பகுதியில்தான் இருக்கிறது. அதிர்ந்து சத்தம் தருகிற கோன் காகிதம் என்றால் ஊறித் தளர்ந்துவிடும், அதன் பின்னால் கம்பி சுற்றிய காயில் இருக்கிற இடுக்கில் துரு ஏறினால் உரசும். மார்கழிப் பனியில் தகரத்தின் உள்பக்கம் வியர்ப்பது தனி.

மீட்டர் வைத்துப் பார்த்ததில் இடது பக்கம் காயிலே அறுந்திருந்தது. நல்ல நாலு ஓம் ஸ்பீக்கர் என்றால் மூன்றுக்கு மேல் ஏதாவது காட்ட வேண்டும். வலது பக்கம் அளவு சரியாகக் காட்டியது, ஆனால் கோனை விரல்களால் சமமாக அழுத்தினால் மணல் அரைக்கிற சத்தம்.

கால் விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். டோர் பேடிலேயே வார்த்திருந்த கம்பெனி கிரில்லை அறுத்து எறிந்துவிட்டு, பளபளப்பாக ஒரு மெல்லிய வலையை வைத்திருந்தார்கள். குற்றாலத்தில் குளித்துவிட்டு ஈர வேட்டியோடு வெறுங்காலில் ஏறுகிற சாமிகள், கதவின் முன் கீழ் மூலையில் ஒரு மிதி வைத்துத்தான் உள்ளே வருவார்கள், அவர்களைக் குறை சொல்ல முடியாது. வலை அமுங்கியதும் கோனின் ரப்பர் விளிம்பைத் தொட்டுவிட்டது. கம்பெனி கிரில்லை அறுக்க விடாதீர்கள். அறுத்தே ஆக வேண்டுமென்றால், கட்டைவிரலால் பலமாக அழுத்தினாலும் வளையாத இரும்பு வலை, அது கோனைத் தொடாதபடி உயரமான வளையத்தோடு.

வேலை நடக்கும்போது பக்கத்திலேயே நில்லுங்கள், டீ குடிக்க அனுப்பினாலும் போகாதீர்கள். கிழித்த ஷீட்டை, தண்ணீர் புகாத பிசுபிசுப்பான பியூட்டைல் டேப்பால் சுற்றிலும் ஒட்டச் சொல்லுங்கள். வினிகர் வாசனை வருகிற சிலிக்கான் வேண்டாம், தகரத்தை அரிக்கும். வளையம் பிளாஸ்டிக்காக இருக்கட்டும், கோன் பாலிப்ரொப்பிலீன் என்கிற பிளாஸ்டிக். ஸ்பீக்கருக்குப் பின்னால் ஃபோம் கப் வைத்தால் கீழ்ப்பாதியை வெட்டிவிடுங்கள், மேல்பாதி மட்டும் இருந்தாலே வழிகிற தண்ணீர் மேக்னட்டில் படாமல் ஒதுங்கும், பேஸ் என்கிற கனத்த ஒலியும் அடைபடாது. கண்ணாடியை முழுக்க இறக்கி மேக்னட்டில் தட்டுகிறதா என்று பாருங்கள். பேடை மூடுவதற்கு முன் கண்ணாடி மேல் ஒரு வாளித் தண்ணீர் ஊற்றச் சொல்லுங்கள், அடியில் சொட்டினால்தான் காசு. முகத்தைச் சுளிப்பார்கள், சுளிக்கட்டும்.

அப்புறம் பில். துண்டுச் சீட்டு வேண்டாம், ஜிஎஸ்டி பில்லிலேயே வாரண்டியையும் எழுதி வாங்குங்கள். கேஸ் போடுவதென்றால் கேரளா வந்துதான் போட வேண்டும் என்று என்னை மிரட்டினார்கள், அது பொய். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நாம் குடியிருக்கிற மாவட்டத்துக்கான ஆணையத்திலேயே 2 வருடத்துக்குள் புகார் கொடுக்கலாம், கொடுத்த தொகை 5 லட்சம் வரை இருந்தால் கட்டணம் கிடையாது. வாடகை வண்டிக்குச் செல்லாது என்பார்கள், சொந்தப் பிழைப்புக்குத் தானே ஓட்டுகிறவரை அந்தச் சட்டம் விலக்கவில்லை. தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915-ல் முதலில் பேசிப் பாருங்கள். நான் பேசி, பில்லோடு கழற்றிய ஷீட், ஊறிய வளையம், துரு மேக்னட் எல்லாவற்றின் படங்களையும் அனுப்பியிருக்கிறேன். கடையிலிருந்து இன்னும் பதில் இல்லை.