196 வெள்ளியா, 599 வெள்ளியா: பயண கார்டின் ஆண்டுக் கட்டணம் எங்கே கட்டுப்படியாகும்?

சிங்கப்பூரில் கடன்பற்று அட்டைக்கு ஆண்டுக் கட்டணம் கட்டலாமா என்று யோசிப்பவர்கள் பெரும்பாலும் விமான நிலைய லவுஞ்சிலிருந்து கணக்கைத் தொடங்குகிறார்கள். மைலிலிருந்து, அதாவது விமான டிக்கெட்டாக மாற்றிக்கொள்ளும் வெகுமதிப் புள்ளியிலிருந்து, தொடங்குவதுதான் சரி. கட்டணத்துக்குப் பதிலாக எண்ணிப் பார்க்கக்கூடியதாக வங்கி தருவது அதை மட்டும்தான்.

சிட்டி பிரீமியர்மைல்ஸ் கார்டுக்கு 196.20 வெள்ளி கட்டினால் 10,000 மைல் வரும். ஒரு மைல் 1.96 காசு. டிபிஎஸ் வான்டேஜுக்கு 599.50 வெள்ளி, 25,000 மைல். ஒரு மைல் 2.4 காசு. ஓசிபிசி வாயேஜில் 498 வெள்ளிக்கு 15,000 மைல், அதாவது 3.3 காசு. மொத்தமாக வாங்கினால் மலிவு என்ற தேக்கா மார்க்கெட் நியாயம் இங்கே செல்லாது. (எல்லாம் 9% பொருள் சேவை வரி சேர்த்த தொகை. வங்கிகள் அவ்வப்போது மாற்றுவதால் கட்டும் முன் ஒருமுறை சரிபாருங்கள்.)

உங்களுக்கு ஒரு மைல் எத்தனை காசு பெறும்? டிக்கெட்டின் ரொக்க விலையில், மைலில் எடுத்தாலும் கையிலிருந்து போகும் வரியைக் கழித்து, மீதியைக் கேட்கும் மைலால் வகுங்கள். உதாரணத்துக்கு டிக்கெட் 420, வரி 90, கேட்பது 22,000 மைல் என்றால் 330 வெள்ளியை 22,000-ஆல் வகுக்க 1.5 காசு. இந்த நிலையில் 1.96 காசுக்கு மைல் வாங்குவதே நஷ்டம், 2.4 காசைப் பேசவே வேண்டாம். பிசினஸ் வகுப்பில் இதே கணக்கு 2 காசுக்கு மேல் ஏற வாய்ப்புண்டு. அங்கே பறப்பவர்களுக்குத்தான் வான்டேஜ் பொருந்தும்.

ஊருக்குப் போகிறவர்களுக்கு இன்னொரு சிக்கல். தமிழ்நாட்டில் சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் இறங்குவது சென்னையில் மட்டும். திருச்சிக்கும் கோவைக்கும் அதன் மலிவு விமான நிறுவனமான ஸ்கூட். ஸ்கூட் டிக்கெட்டில் மைலைக் கரைத்தால் பெரும்பாலும் ஒரு காசைச் சுற்றித்தான் மதிப்பு நிற்கும். சென்னைக்கும் தீபாவளி, டிசம்பர் பள்ளி விடுமுறை நேரத்தில் குறைந்த மைல் இருக்கைகள் சீக்கிரம் தீர்ந்துவிடும்.

இனி இரண்டு கார்டையும் நேருக்கு நேர் வைப்போம். உள்ளூர்ச் செலவில் வெள்ளிக்கு பிரீமியர்மைல்ஸ் 1.2 மைல், வான்டேஜ் 1.5 மைல். வெளிநாட்டில் இரண்டும் 2.2. மாதம் 2,000 வெள்ளி உள்ளூரில் தேய்த்தால் ஆண்டுக்கு 7,200 மைல் வித்தியாசம். கட்டணத்தோடு வரும் 15,000 கூடுதல் மைலையும் சேர்த்தால் 22,200. கட்டண வித்தியாசம் 403.30 வெள்ளி. ஆக, கூடுதல் மைல் ஒவ்வொன்றும் 1.8 காசு. பரவாயில்லையே என்று தோன்றும். ஆனால் அந்த 2,000 வெள்ளி உண்மையிலேயே மைல் ஈட்டும் செலவுதானா?

மூன்று மாத பில்லை எடுத்து வைத்து மின்கட்டணம், காப்புறுதி, மருத்துவமனை, பள்ளிக் கட்டணம், அரசாங்கக் கட்டணங்கள் எல்லாவற்றையும் அடித்துவிடுங்கள். பல வங்கிகள் இவற்றுக்கு மைல் தருவதில்லை. காய்கறிக் கடையில் பேநவ் (கைபேசிவழி வங்கிப் பணமாற்று), கோப்பிக் கடையில் சில்லறை, அவையும் போயின. 2,000 என்று நினைத்தது 900-இல் வந்து நிற்பது சகஜம். அப்போது வித்தியாசம் 3,240 மைல்தான், கூடுதல் மைலின் விலையோ 2.2 காசு.

லவுஞ்ச்: பிரீமியர்மைல்ஸில் ஆண்டுக்கு 2 முறை, வான்டேஜில் 10 முறை. தனியாக அடிக்கடி பறப்பவருக்கு இது பெரிய விஷயம். குடும்பத்தோடு போகிறவர், உடன் வருபவரும் இந்தக் கணக்கில் நுழையலாமா என்று முதலில் கேட்க வேண்டும். நுழையலாம் என்றாலும் நால்வருக்குப் போக நாலு, வர நாலு. ஒரே பயணத்தில் எட்டு காலி. ஒரு நுழைவுக்கு 35 அமெரிக்க டாலர் என்று பட்டியல் விலையைப் போட்டுக் கணக்கிடாதீர்கள். கார்டு இல்லாவிட்டால் சாங்கியில் சாப்பிட என்ன செலவழித்திருப்பீர்களோ, அதுதான் அதன் விலை.

இந்தியாவில் தேய்க்கும்போது 3.25% அந்நியச் செலாவணிக் கட்டணம் விழும். தி. நகரில் 3,000 வெள்ளிக்கு நகை வாங்கினால் கட்டணம் 97.50, கிடைப்பது 6,600 மைல், மைலுக்கு 1.48 காசு. ஆண்டுக் கட்டணத்தில் வாங்குவதைவிட மலிவு! ஆனால் இயந்திரம் "எஸ்ஜிடியா (சிங்கப்பூர் வெள்ளி), ஐஎன்ஆரா (இந்திய ரூபாய்)" என்று கேட்டால் ஐஎன்ஆரைத்தான் அழுத்த வேண்டும். கடைக்காரர் உதவுவதாக நினைத்து எஸ்ஜிடியை அழுத்திவிட்டால் மாற்று விலை மோசமாகும், மைல் உள்ளூர் விகிதத்துக்கு இறங்கும், சில வங்கிகள் அதற்கு மேல் 1% பிடிக்கும். சீட்டில் எஸ்ஜிடி என்று அச்சாகியிருந்தால் கையெழுத்துப் போடாமல் ரத்து செய்யச் சொல்லுங்கள்.

ஆண்டுக்கு ஒருமுறை திருச்சி போய்வரும் குடும்பத்துக்கு 196 வெள்ளி கார்டை வைத்துக்கொண்டு, கட்டணத்தை விலக்கச் சொல்வதே நல்லது. பில்லில் ஆண்டுக் கட்டணம் 180.00 வெள்ளியும் வரி 16.20-உம் வந்ததும் செயலியிலோ தொலைபேசியிலோ கேளுங்கள். விலக்கு கிடைத்தால் 10,000 மைல் வராது. இரண்டையும் எதிர்பார்க்க முடியாது. வான்டேஜில் விலக்குக்கு ஆண்டுச் செலவு 60,000 வெள்ளி வேண்டும். பதில் வருவதற்குள் கெடு தேதி நெருங்கினால் மற்ற செலவுகளை முழுதாகக் கட்டிவிட்டு, கட்டணத் தொகையை என்ன செய்வது என்று வங்கியிடமே கேட்டு வையுங்கள். தாமதக் கட்டணம் பல வங்கிகளில் 100 வெள்ளி.

விலக்கு மறுக்கப்பட்டு கார்டை மூடுவதானால் முதலில் மைலை சிங்கப்பூர் ஏர்லைன்ஸின் மைல் திட்டமான கிரிஸ்ஃபிளையருக்கு மாற்றுங்கள். மூடினால் மிச்சம் அழிந்துவிடும். சிட்டி, டிபிஎஸ் இரண்டிலும் ஒரு மாற்றத்துக்கு 27.25 வெள்ளி, 10,000 மைல் கட்டுகளாகத்தான் போகும். 9,400 மைல் இருந்தால் கார்டை இன்னும் கொஞ்ச நாள் தேய்த்து 10,000 ஆக்கிவிட்டு மூடுங்கள். மாற்றிய நாளிலிருந்து மூன்று ஆண்டுக் காலாவதி ஓடத் தொடங்கும்.