5 வாட் லேசருக்கு அடுத்த செலவு எது: காற்றா, 10 வாட் மாட்யூலா, கே40-ஆ?

பலகையில் படம் பொறிக்கும் 5 வாட் டையோடு லேசர் மெஷினின் பெட்டி மேல் 20 வாட் என்று அச்சிட்டிருக்கும். அது மாட்யூல் (ஒளியைத் தரும் தலை) இழுக்கும் மின்சாரத்தின் கணக்கு; முனையிலிருந்து வரும் நீல ஒளி 5 வாட்தான். சாவிக்கொத்து, பெயர்ப்பலகை, மாம்பலகையில் படம் என்று போகிறவரை அதுவே தாராளம். 3 மி.மீ. ப்ளைவுட்டை வெட்டப் போனால்தான் திணறும். அப்போது மூன்று வழி உண்டு: இருக்கும் மெஷினில் வெட்டும் இடத்துக்குக் காற்று ஊதும் பம்பு வைப்பது, 10 வாட் மாட்யூல் மாட்டுவது, விற்றுவிட்டு கே40 (கண்ணாடிக் குழாயில் கார்பன் டை ஆக்ஸைடு லேசர் உள்ள மெஷின்) வாங்குவது. தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் இதைப் பாதி மெஷின் தீர்மானிக்கிறது. மீதியை ஊரின் வெயிலும் தண்ணீரும்.

காற்று

வெட்டும் இடத்தில் எழும் புகை ஒளியை மறைக்கிறது, லென்ஸில் கரியாகப் படிகிறது. பவர் குறைந்துவிட்டது என்று பலர் நினைப்பது பெரும்பாலும் இந்தக் கரியைத்தான். சின்ன மீன்தொட்டி மோட்டார் பற்றாது. நிமிடத்துக்கு 25–30 லிட்டர் தரும் பம்பு வேண்டும். வெட்டும்போது காற்று முழுதாக. படம் பொறிக்கும்போது லென்ஸைக் காக்கும் அளவுக்கு மெல்ல. இல்லையென்றால் புகைக்கறை பலகை மேல் பரவும். அடியில் தேன்கூட்டுத் தட்டு வைத்தால் புகை கீழே இறங்கும், பின்பக்கம் தீய்ந்த தழும்பும் குறையும்.

ப்ளைவுட்டையும் பார்த்து வாங்க வேண்டும். மரைன் ப்ளைவுட்டில் இருக்கும் கறுத்த பீனால் பசையில் டையோடு லேசர் அப்படியே நின்றுவிடும். நீர் தாங்கும் பலகை வெட்டுகிறவருக்கு வேண்டாத பெருமை. சாதாரண எம்.ஆர். ரகம் (வீட்டுக்குள் புழங்கும் ப்ளைவுட்), அல்லது 3 மி.மீ. எம்.டி.எஃப். (மரநாரை அழுத்திய பலகை) போதும்.

10 வாட் மாட்யூல்

இது இரண்டு டையோடுகளின் ஒளியை ஒன்றாகச் சேர்த்தது. வேகம் கூடும், கோடு மெலியாது. 5 வாட்டில் நாலைந்து முறை ஓட்டிய வெட்டு, காற்றும் இருந்தால், ஒன்றிரண்டு முறையில் முடியும்.

கெடுவது வயரிங்கில். மூன்று முள் கனெக்டர் ஒன்றுபோல இருந்தாலும் முள் வரிசை கம்பெனிக்குக் கம்பெனி மாறும். பிளஸ், கிரவுண்டு, பி.டபிள்யு.எம். (பவரைக் கூட்டிக் குறைக்கும் சிக்னல்) மூன்றையும் மீட்டர் வைத்துப் பார்க்காமல் சொருகினால் மாட்யூல் போய்விடும். 12 வோல்ட் மெஷினில் 24 வோல்ட் மாட்யூல் ஓடாது. அடாப்டரின் ஆம்பியரும் போதுமா என்று பார்க்கவும். ஜிஆர்பிஎல் (மெஷினை ஓட்டும் புரோகிராம்) உள்ள போர்டில் லேசர் மோடு, அதாவது $32=1, இருக்க வேண்டும்; உச்ச பவரைக் குறிக்கும் $30-இன் எண்ணும் சாஃப்ட்வேரில் கொடுத்த உச்ச எண்ணும் ஒன்றாக இருக்க வேண்டும், பிசகினால் பவர் தப்பாக வரும். புது மாட்யூல் கனம் கூடியது. பெல்ட் தளர்ந்திருந்தால் மூலைகளில் கோடு அலையடிக்கும். பெல்ட்டை இறுக்கி, ஆக்ஸிலரேஷனைக் குறைக்கவும்.

கே40

பெயரில் 40 வாட். குழாய் தருவது 30–35 வாட் அளவில். வேலைத் தளம் 300 × 200 மி.மீ.தான், பல டையோடு மெஷின்களைவிடச் சிறியது. ஆனாலும் ஒரு காரியத்தில் இதற்கு எதிராளி இல்லை: நிறமற்ற அக்ரிலிக். நீல ஒளி அதற்குள் ஊடுருவிப் போய்விடும். கார்பன் டை ஆக்ஸைடு லேசரின் 10.6 மைக்ரான் ஒளியை அது விழுங்கிக்கொள்ளும்.

சிக்கல் தண்ணீரில். குழாயைச் சுற்றி ஓடும் நீர் 15–20 டிகிரியில் இருப்பது நல்லது. 25-ஐத் தாண்டினால் பவரும் ஆயுளும் சேர்ந்து குறையும். மே மாதத்தில் வாளித் தண்ணீரே 30-ஐத் தொடும். தண்ணீரைக் குளிர்விக்க விற்கும் சில்லர்களில் சிடபிள்யு-3000 வெறும் ரேடியேட்டரும் மின்விசிறியும்தான். அறையின் சூட்டுக்குக் கீழே இறக்காது. கம்ப்ரஸர் உள்ள சிடபிள்யு-5000 வாங்க வேண்டும், அல்லது 20 லிட்டர் வாளியில் உறைந்த தண்ணீர் பாட்டில்களை மாற்றி மாற்றிப் போட வேண்டும். ஓசூர்க்காரர்களுக்கு மேட்டு நிலத்தின் குளிர்ச்சி கொஞ்சம் கைகொடுக்கும்.

போர் தண்ணீர் கூடவே கூடாது. ஃப்ளோரைடால் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் தேவைப்பட்ட மாவட்டங்கள் இவை. குழாய்க்குப் பகை ஃப்ளோரைடு அல்ல, கரைந்திருக்கும் உப்புகள். அவை சுவரில் படியும். அதைவிட மோசம், மின்சாரத்தைக் கடத்தும். குழாயில் இருப்பது பல்லாயிரம் வோல்ட். பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டர்தான் சரி. பாறையும் காய்ந்த மண்ணுமான இடத்தில் வீட்டு எர்த் கோடையில் செத்துக் கிடக்கும். எர்த் குழியில் தண்ணீர் ஊற்றி எலக்ட்ரீஷியனை வைத்துப் பார்த்த பிறகுதான் சுவிட்சைப் போடலாம். குழாய்க்குப் போகும் கரண்ட் 15 மில்லி ஆம்பியரைத் தாண்ட வேண்டாம். டிஜிட்டல் பேனல் மாடலில் மீட்டர் இருக்காது, தனியாகப் பொருத்த வேண்டும்.

கருங்கல்லுக்கு?

கிரானைட் பட்டறைகளில் கழிந்த பாலிஷ் போட்ட கறுப்புத் துண்டுகளுக்கு கே40 அவசியமில்லை. 5 வாட்டே மெதுவாகப் பொறித்துவிடும். கோடு வெளுத்து வரும் என்பதால் படத்தை நெகட்டிவ் ஆக்கிக் கொடுக்கவும். துண்டுக்குத் துண்டு கனம் மாறும், ஒவ்வொன்றுக்கும் ஃபோகஸ் வைக்கவும். இளஞ்சிவப்புக் கல்லில் எந்த லேசரும் எடுபடாது, பெயிண்ட் அடைத்தால்தான் தெரியும்.

டையோடு மெஷின் சின்ன யு.பி.எஸ்.ஸில் ஓடிவிடும்; கே40-ஐ வீட்டு இன்வெர்ட்டரில் ஓட்ட வேண்டாம். மின்தடை நாளில் பாதியில் நின்ற படத்தைத் தொடர லிமிட் சுவிட்ச் (தலை ஓரத்தைத் தொட்டதைக் காட்டும் சுவிட்ச்) இருந்தால்தான் தொடங்கிய புள்ளி துல்லியமாகக் கிடைக்கும்.

கண்ணுக்குப் போடும் பாதுகாப்புக் கண்ணாடி இரண்டு மெஷினுக்கும் வேறு வேறு: டையோடுக்கு 450 நானோமீட்டர் ஒளியைத் தடுப்பது, கே40-க்கு 10,600 நானோமீட்டர் ஒளியைத் தடுப்பது. ரெக்ஸினையும் பி.வி.சி. ஷீட்டையும் எதிலும் வைக்கக் கூடாது. வெளிவரும் அமிலப் புகை நுரையீரலோடு மெஷினின் தண்டவாளத்தையும் அரித்துவிடும்.