ஏலகிரி – காவலூர் ஒருநாள் வேன் சுற்றுலா: போய் வந்த அனுபவம்

போன சனிக்கிழமை வேலூர்ப் பழைய பஸ் ஸ்டாண்டு பக்கத்திலிருந்து காலை ஆறு மணிக்கு ஏறினோம், நான், அம்மா, அக்கா பிள்ளைகள் ரெண்டு பேர். வழிகாட்டியாக வந்த அண்ணனுக்காகவே இந்தப் பயணத்துக்குப் போகலாம். ஏலகிரி ஏறும்போது 14 கொண்டை ஊசி வளைவுக்கும் புலவர்கள், வள்ளல்கள் பெயர் வைத்திருக்கிறார்கள் இல்லையா, ஒவ்வொரு பலகை வரும்போதும் பாரி யார், பேகன் என்ன கொடுத்தான் என்று பிள்ளைகளிடம் கேட்டுக்கேட்டுச் சொல்லிக்கொண்டே வந்தார். அம்மாவுக்குப் பத்தாவது வளைவில் குமட்டியது. சட்டைப் பையிலிருந்து எலுமிச்சம்பழம் எடுத்து நகத்தால் கீறி, "மோந்து பாருங்கம்மா, கண்ணை மூடாதீங்க, தூரத்துல பாருங்க" என்றார். சரியாகிவிட்டது.

புங்கனூர் ஏரியில் முக்கால் மணி நேரம்தான் கொடுத்தார்கள், படகு வரிசையிலேயே அது போய்விட்டது, ஆனால் வழியில் ஒரு தேன் கடையில் தேவையில்லாமல் அரை மணி நேரம் நிறுத்தினார்கள், இதை அவர்கள் கட்டாயம் மாற்ற வேண்டும்.

அப்புறம் ஆலங்காயம் வழியாக ஜவ்வாது மலையில் காவலூர் வானோக்கு நிலையம். 2.34 மீட்டர் கண்ணாடி உள்ள வைணு பாப்பு தொலைநோக்கியைப் பார்த்து அக்கா பையன் வாயைத் திறந்தபடி நின்றான், இங்கேயே தயாரித்தது என்றதும் இன்னும் வியந்தான்.

திரும்பும்போது ஆம்பூரில் சீரகசம்பா பிரியாணி, கூடவே எண்ணெய்க் கத்திரிக்காய். சாப்பாட்டுக் காசு தனி, முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்.