நத்தார் வேலைகள்: வீட்டில் செய்வதா, வாங்குவதா, பாதிப்பாதியா?

திருகோணமலையில் நத்தார் வருவது மாரிக்கு நடுவில். ஒக்டோபரில் பிடிக்கிற மழைக்கு நவம்பரும் டிசம்பரும்தான் உச்சம். மா காயாது, திரைச்சீலை காயாது, பெயின்ற் காயாது, கரண்டும் எந்நேரமும் நிற்கலாம். ஆகவே எந்த வேலையைச் சுருக்குவது என்பதை இங்கே நேரத்தை மட்டும் பார்த்து முடிவுசெய்ய முடியாது. வெயில் வேண்டிய வேலையையும் கடைசி மூன்று நாளில் வந்து குவிகிற வேலையையும் தயங்காமல் வெளியே கொடுக்கலாம். மூன்று கிழமைக்கு முன்பே முடித்து மூடிவைக்கக்கூடியதை வீட்டிலேயே செய்வதுதான் லாபம். கீழே உள்ள ஒப்பீடு முழுவதும் இந்தக் கணக்கில்தான் போகிறது.

றிச் கேக்

பலர் முதலில் கைவிடுவது இதைத்தான். உண்மையில் கடைசியாகக் கைவிட வேண்டியது இது. முன்கூட்டியே செய்துவைத்தால் ருசி கூடுகிற பண்டம் நத்தார் மேசையில் இது ஒன்றுதான்.

25 சென்ரிமீற்றர் சதுரத் தட்டு ஒன்றுக்கு ரவை 250 கிராம், பட்டர் 250 கிராம், சீனி 350 கிராம், பத்து முட்டையின் மஞ்சட்கரு, நான்கின் வெள்ளைக்கரு, பழவகையும் கஜுவும் சேர்ந்து 1,200 கிராம் அளவு. ரவையை நிறம் மாறாமல் இலேசாக வறுத்து, இளஞ்சூட்டில் பட்டரோடு கலந்து இரண்டு மணி நேரம் விட வேண்டும். இதை அவசரப்பட்டுக் குறைத்தால் கேக் வாயில் மணல்போல நறநறக்கும். 150 பாகை செல்சியஸில் இரண்டு முதல் இரண்டரை மணி நேரம். ஐந்துக்கு இரண்டரை சென்ரிமீற்றர் அளவில் வெட்டினால் ஐம்பது துண்டு வரும்.

சலிப்பு வருவது பழம் வெட்டுவதில். அதற்கு மூன்று வழிகள் உண்டு.

எல்லாவற்றையும் கையால் வெட்டுவது: ஒரு பின்னேரம் முழுக்கப் போய்விடும், ஆனால் துண்டுகள் ஒரே அளவாக வரும். வெட்டிக் கலந்த பழப் பைக்கற் வாங்குவது: நேரம் மிச்சம், ஆனால் பெரும்பாலும் சாயமேற்றிய பப்பாசித் துண்டும் பாகும்தான் அதில் கூட. அரிதட்டில் ஒரு மணி நேரம் வடியவிட்டு, சீனியை 75 கிராம் குறைத்தால்தான் நடுப்பகுதி பிசுபிசுக்காமல் வேகும். மூன்றாவது, நாங்கள் சொல்லுகிற வழி: சுல்தானாவை வெட்டவே வேண்டாம், முழுதாகப் போடுங்கள். பூசணித் தோசி, செரி, இஞ்சிப் பாகு மூன்றையும் கையால் வெட்டுங்கள். கஜுவை மட்டும் மிக்ஸியில் இரண்டு மூன்று தரம் விட்டு விட்டுத் தட்டுங்கள். தொடர்ந்து ஓடவிட்டால் கஜு எண்ணெய் கக்கிப் பசையாகி, கேக்கை அடர்த்தியாக்கிவிடும்.

பேக் பண்ணுவதிலும் இரண்டு வழி. வீட்டு ஓவனில் போட்டால் சூடு நம் கையில். கரண்ட் போனாலும் றிச் கேக் பட்டர் கேக் மாதிரி நடுவில் குழிந்துவிடாது. ஓவன் கதவைத் திறக்காமல் வைத்து, இருபது நிமிடத்துக்குள் கரண்ட் வந்தால் அந்த நேரத்தைக் கூட்டிக்கொள்ளலாம். பட்டர் கேக்குக்கு இந்தப் பொறுமை கிடையாது. மழை இரைகிற நாளில் அதைத் தொடாதீர்கள். அடுத்தது பேக்கரிப் போறணையில் கொடுத்தெடுப்பது. நான்கைந்து தட்டு இருந்தால் கேஸும் நேரமும் மிச்சமாகும். ஆனால் பாண் போடும் சூடு றிச் கேக்குக்கு மிக அதிகம், மேல் வெடித்து உள் பச்சையாக நிற்கும். கடைசிப் பாண் இறக்கி, போறணை தணிந்த பிறகே வைக்கச் சொல்ல வேண்டும். தட்டின் வெளிப்புறத்தைச் சுற்றி நாலைந்து மடிப்புப் பத்திரிகைத் தாளைக் கட்டிக்கொடுப்பது கட்டாயம்.

முழுக்க வாங்குவதென்றால் வீட்டில் செய்து விற்பவர்களிடம் நவம்பரிலேயே சொல்லுங்கள். ரவையா கோதுமை மாவா, பட்டரா மாஜரினா, கஜுவா கச்சானா என்று மூன்று கேள்வி கேட்டால் போதும், விலையின் நியாயம் விளங்கிவிடும்.

ஒன்றை இந்த ஊரில் மறக்கவே கூடாது. தட்டுகள் முஸ்லிம் வீடுகளுக்கும் போகும், சைவ வீடுகளுக்கும் போகும். பழத்தைப் பிரண்டியில் ஊறவைக்க முன்பே ஒரு பங்கைப் பிரித்து, தேனிலும் தோடம்பழச் சாற்றிலும் ஊறவையுங்கள். அதைத் தனித் தட்டில் டிசம்பர் 15 அளவில் பேக் பண்ணிக் குளிர்சாதனப் பெட்டியில் வைக்க வேண்டும். பிரண்டி சேர்ந்தது வெளியே நாள் தாங்கும், இது தாங்காது. இரண்டு டின்னிலும் அன்றே பெயரெழுதி ஒட்டுங்கள்.

பலகாரம்

இங்கே மாரி வென்றுவிடும். அரிசி ஊறப்போட்டு இடித்து அரித்த மா வெயில் இல்லாமல் இரண்டு நாளில் புளிக்கும். ஆகவே மாவைப் பைக்கற்றில் வாங்குவதில் எந்தக் குறையும் இல்லை, பைக்கற்றைப் பார்த்து வாங்கினால். அச்சில் தோய்த்துப் பொரிக்கிற கொக்கிஸுக்கு வேண்டியது வறுக்காத பச்சை அரிசி மா. இடியப்பத்துக்கான வறுத்த மாவைக் கரைத்தால் அது தண்ணீரை இழுத்துக்கொண்டே போகும், பலகாரம் அச்சை விட்டு உடைந்து விழும்.

அரைக் கிலோ பச்சை மாவுக்குக் கெட்டித் தேங்காய்ப்பால் 400 மில்லிலீற்றர் அளவு, ஒரு முட்டை, உப்பு, ஒரு சிட்டிகை மஞ்சள். தேங்காய் துருவிப் பிழிவதற்குப் பதிலாகப் பால்மாப் பைக்கற்றை இளஞ்சூட்டு நீரில் கரைத்தாலும் வித்தியாசம் தெரியாது. அச்சைத் தாச்சியின் எண்ணெயிலேயே காயவைத்து, முக்கால்வாசி மட்டும் மாவில் தோய்க்க வேண்டும். மேல் விளிம்பு மூடினால் பலகாரம் கழராது. முதல் இரண்டு ஒட்டத்தான் செய்யும், அதை வைத்து மாவைக் குறை சொல்ல வேண்டாம்.

முறுக்கும் சிப்பிப் பலகாரமும் கிலோக் கணக்கில் செய்துகொடுக்கிறவர்களிடம் விடலாம். அவர்களிடம் சொன்னால் 20ஆம் திகதிக்கு முன் எடுக்காதீர்கள். இந்த ஈரக்காற்றில் ஒரு தரம் திறந்த டின் அடுத்த நாளே நமத்துப் போகும். நமத்தால் 120 பாகை ஓவனில் ஆறேழு நிமிடம் வைத்து, முழுதாக ஆறவிட்டு மூடினால் மொறுமொறுப்புத் திரும்பும். சூட்டோடு மூடினால் தன் ஆவியிலேயே மறுபடி நமக்கும்.

பயத்தம் பணியாரமா, பயத்தம் உருண்டையா என்றால் இந்தக் காலத்தில் உருண்டைதான். தோய்த்துப் பொரிக்கிற வேலை இல்லை. முட்டையும் இல்லாததால் திருவெம்பாவை விரதத்தோடு நத்தார் வந்தாலும் சைவ வீடுகளுக்குக் கூச்சமின்றிக் கொடுக்கலாம். தேங்காய்ப்பூவை மட்டும் ஈரமில்லாமல் பொன்னிறமாக வறுங்கள். அரைகுறையாக வறுத்தது சில நாளிலேயே காறல் வாடை அடிக்கும்.

குடிலும் மரமும்

இயேசு பிறந்த குடிலின் பாறைக்குக் கடதாசியும் கோதுமை மாப் பசையும் போட்டால் டிசம்பரில் பூஞ்சணம் பிடிக்கும், கடதாசி தொய்யும். கடையில் வாங்கும் சிறு குடில் தொல்லையில்லாதது, ஆனால் பிள்ளைகளுக்கு அதில் கைவைக்க ஒன்றுமில்லை. இரண்டுக்கும் நடுவே நல்ல வழி சீமெந்துச் சாக்குப் பாறை. பழைய சணல் சாக்கைக் கிழித்து, சீமெந்தும் தண்ணீரும் சம அளவில் கரைத்த கூழில் தோய்த்து, கல்லும் பெட்டியும் அடுக்கிய மேட்டின்மேல் மடிப்பு மடிப்பாகப் போடுங்கள். ஈரக்காற்று பசையைக் கெடுக்கும், சீமெந்தையோ நன்றாக இறுக்கும். இரண்டு நாளில் கல்லாகிவிடும். கைக்குக் கையுறை வேண்டும், சீமெந்து தோலை அரிக்கும். அடுத்த ஆண்டுக்கும் அதே பாறை இருக்கும். புல்லுக்கு டிசம்பர் 15 அளவில் குரக்கன் விதையைத் தட்டத்தில் விதைத்தால் சரியான உயரத்துக்கு வரும்.

மரத்துக்குப் பிளாஸ்ரிக்தான். சவுக்குக் கொப்பு அழகுதான், ஆனால் நாலைந்து நாளில் தலைகவிழ்ந்து வீடெல்லாம் கொட்டும். அதோடு கரையோரச் சவுக்கு காற்றைத் தடுக்க நிற்பது.

வீடு

பெயின்ற் அடிப்பதை டிசம்பரில் நினைக்கவே வேண்டாம். ஈரச்சுவரில் அடித்தது பொங்கி உரியும். மழைக்கு முன், செப்ரெம்பரில் அடிக்க முடியாதுபோனால் முன்கூடத்துச் சுவரைத் துடைத்து அழுக்கெடுத்தால் போதும். திரைச்சீலைக்குச் சலவைக் கடை, அதுவும் 18க்கு முன்.

சாப்பாடு

வாடைக்காற்றுக் காலத்தில் கிழக்குக் கடல் கொந்தளிக்கும். 24ஆம் திகதிச் சந்தையில் நல்ல மீனும் இறாலும் கிடைக்கும் என்று நம்பி மெனு போடுவது வீண் பதற்றம். முன்னே வாங்கிக் குளிரூட்டலாம், ஆனால் நீண்ட மின்வெட்டு வந்தால் எல்லாம் போச்சு. கோழிதான் பத்திரம். நள்ளிரவுத் திருப்பலி முடிந்து வருகிறவர்களுக்குப் பாணும் கோழிக் குழம்பும், காலைக்கு இடியப்பம். இடியப்பத்தை அவித்து விற்கிற வீட்டில் நூறு, நூற்றைம்பது என்று 22ஆம் திகதிக்குள் எண்ணிச் சொல்லிவிடுங்கள். மத்தியானத்துக்கு ஆறு பேருக்கு ஒரு சஹன் (சேர்ந்திருந்து சாப்பிடுகிற பெரிய தட்டு) என்று புரியாணி எடுப்பது, 25 பேர் வரும் வீட்டில் தனியே சமைப்பதைவிட எவ்வளவோ மேல். நேரத்தை மட்டும் 12 மணிக்கு என்று சொல்லுங்கள். ஒரு மணி என்றால் இரண்டாகிவிடும்.