கூரியரில் வரும் ரீமேப்: ஓட்டிப் பதிந்த லாக் கேட்காத ஆளிடம் காசு கட்டாதீர்கள்

டீசல் ஸ்விஃப்ட், டிசையர், ரிட்ஸ் வைத்திருக்கிறவர்களுக்காக முக்கியமாக இதை எழுதுகிறேன். "75 குதிரையை 98 ஆக்குகிறோம், மைலேஜும் லிட்டருக்கு 3 கிலோமீட்டர் கூடும், வீட்டிலிருந்தபடியே நீங்களே ஏற்றிக்கொள்ளலாம்" என்று கூரியரில் ரீமேப் (என்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினியின் மென்பொருளை மாற்றி எழுதுவது) அனுப்பும் ஆட்கள் இப்போது பெருகிவிட்டார்கள். அப்படி ஒருவரிடம் 14,000 ரூபாய் கட்டி வாங்கினேன். அப்புறம் கிளட்ச் செட், ஈசிஎம் (அந்த என்ஜின் கணினி) வேலை, வண்டியைத் தூக்கிக்கொண்டு போன செலவு என்று அதைவிடக் கூடுதலாகப் போனது. புகார் நடந்துகொண்டிருப்பதால் பெயர் போடவில்லை. பெயர் தெரிந்தும் பெரிய பிரயோசனம் இல்லை. இந்த வியாபாரத்தில் பெயர் மாறிக்கொண்டே இருக்கும், செய்கிற வேலை மாறாது. அதைச் சொல்கிறேன்.

முதலில், ரீமேப் ஆசை ஏன் வருகிறது என்று இந்த வண்டியை ஓட்டியவர்களுக்குத் தெரியும். 1248 சிசி மல்டிஜெட் என்ஜின், 75 குதிரைசக்தி, 2000 ஆர்பிஎம்மில் 190 நியூட்டன் மீட்டர் டார்க் (இழுக்கும் திறன்). அந்த 2000க்குக் கீழே உயிரே இருக்காது. நான் இருப்பது நாமக்கல். கொல்லிமலைக்கு 70 கொண்டை ஊசி வளைவு. வீட்டு ஆட்கள் எல்லோரும் ஏறி, ஏசியும் ஓடும்போது வளைவில் ஆர்பிஎம் 1400க்கு விழும். டர்போ (காற்றை அழுத்தி என்ஜினுக்குள் தள்ளும் விசிறி) எழுந்து இழுக்க ஆரம்பிப்பதற்குள் அடுத்த வளைவு வந்துவிடும். கிளட்சை மிதித்து முதல் கியருக்குப் போக வேண்டியதுதான்.

டர்போ டீசலில் கம்பெனி பாதுகாப்புக்கென்று கொஞ்சம் இடம் விட்டுவைத்திருப்பதும் உண்மை. நல்ல கை பட்டால் 20 சதவீதம் வரை எடுக்க முடிகிற என்ஜின்கள் இருக்கின்றன. (டர்போ இல்லாத பெட்ரோல் வண்டிக்கு ஒருவர் 20 சதவீதம் என்றால் அந்த அழைப்பை அங்கேயே வைத்துவிடுங்கள். அதில் வருவது சொற்பம்.) எனவே ரீமேப் என்பதே ஏமாற்று என்று நான் சொல்ல வரவில்லை.

சரி, நடந்தது இது. விற்பனையாளர் வேறு மாநிலம். எல்லாமே வாட்ஸ்அப்பில். ஆர்சி படம் கேட்டார், மாடல் கேட்டார். ஓடிய கிலோமீட்டர், கிளட்ச் நிலை, டர்போ மாற்றியதா, இன்ஜெக்டர் வேலை ஏதாவது நடந்ததா, எதுவும் கேட்கவில்லை. டைனோ (வண்டியின் பவரை அளக்கும் கருவி) வரைபடம் என்று ஒரு படம் அனுப்பினார். மேலே ஏறும் இரண்டு கோடுகள், வண்டி எண் இல்லை, தேதி இல்லை, சக்கரத்தில் அளந்ததா என்ஜினுக்குக் கணக்குப் போட்டதா என்றும் இல்லை. பணம் யுபிஐயில் போனது. நான்கைந்து நாளில் பெட்டி வந்தது: லேப்டாப்பை வண்டியோடு இணைக்கும் நீல நிற டாங்கிள் ஒன்று, ஒரு யுஎஸ்பி கேபிள், ஒரு பென்டிரைவ், ஒரு பக்கத் துண்டுச்சீட்டு. டாங்கிள் பெயர்பெற்ற ஐரோப்பியக் கருவி ஒன்றின் நகல் என்பது பிறகு தெரிந்தது.

ஸ்டியரிங்குக்குக் கீழே இருக்கும் 16 பின் ஓபிடி சாக்கெட்டில் அதைச் செருகி, இக்னிஷனை ஆன் செய்யச் சொன்னார். ரிமோட்டில் என் லேப்டாப்பை எடுத்துக்கொண்டார். திரையில் ஈசிஎம்மின் ஹார்டுவேர் எண், சாஃப்ட்வேர் எண் இரண்டும் வந்தன. அவ்வளவுதான், பத்து நிமிடத்தில் "உங்கள் ஃபைல் தயார்" என்று புதுக் கோப்பு வந்துவிட்டது. "என் வண்டி ஒரிஜினல் பேக்கப் எடுத்தாச்சா?" என்று கேட்டேன். "எடுத்தாச்சு சார், எங்க சர்வர்ல பத்திரமா இருக்கு" என்றார்.

எடுக்கவே இல்லை. அந்தக் கருவி படித்தது எண்களை மட்டும். அந்த எண்ணுக்குப் பொருந்துவதாக அவர்களிடம் ஏற்கெனவே இருக்கும் யாரோ ஒருவர் வண்டியின் கோப்பை எடுத்து, மாற்றி, எனக்கு அனுப்பியிருக்கிறார்கள். ஓபிடி வழியாக முழுதாகப் படிக்க முடியாத ஈசிஎம்களுக்கு உலகம் முழுக்க இப்படிச் செய்கிறார்கள், அதுவே குற்றமில்லை. ஆனால் அதை "உங்கள் பேக்கப்" என்று சொல்வது பொய். எழுதும் நேரத்தில் பேட்டரி வோல்டேஜ் இறங்கினால் ஈசிஎம் பாதியில் செத்துவிடும், சார்ஜர் மாட்டிக்கொண்டுதான் செய்ய வேண்டும். துண்டுச்சீட்டில் அது பற்றி ஒரு வரி இல்லை.

ஏற்றிய பிறகு வண்டி நன்றாகத்தான் இருந்தது. பைபாஸில் மூன்றாவது கியரில் மிதித்தால் சீட்டில் முதுகு ஒட்டியது. மீட்டரில் சராசரி மைலேஜ் 20லிருந்து 24க்கு ஏறியது. சந்தோஷத்தில் அந்த மீட்டரைப் படம் எடுத்து அவருக்கே அனுப்பினேன். அதை அவர் "வாடிக்கையாளர் அனுபவம்" என்று தன் ஸ்டேட்டஸில் போட்டுக்கொண்டார்.

அப்புறம் ஒவ்வொன்றாக வந்தது. காலையில் குளிர்ந்த என்ஜினை ஸ்டார்ட் செய்தால் முன்பு இல்லாத கடகட சத்தம். மலையில் பின்னால் வந்த மைத்துனர், "மாமா, வண்டி லாரி மாதிரி கரும்புகை தள்ளுதுங்க" என்று போன் செய்தார். நான்காவது கியரில் மிதித்தால் ஆர்பிஎம் மட்டும் ஏறி வேகம் ஏறாமல் நின்றது, கிளட்ச் வழுக்க ஆரம்பித்துவிட்டது. டேங்க் நிரப்பி, ஓட்டி, மறுபடி அதே பங்கில் நிரப்பிக் கணக்குப் பார்த்தேன். 18.5. மீட்டர் அப்போதும் 24 என்றே காட்டிக்கொண்டிருந்தது.

நாமக்கல்லில் என்ஜினின் டீசல் பம்ப், இன்ஜெக்டர் பழுதுபார்க்கும் கடைகளுக்குப் பஞ்சமில்லை. லாரி இன்ஜெக்டர்களோடு வாழ்நாளைக் கழித்த ஒரு அண்ணனிடம் கொண்டுபோனேன். ஸ்கேனரை மாட்டி, கொஞ்ச நேரம் எண்களைப் பார்த்துக்கொண்டிருந்தவர் சிரித்தார்.

"ஏனுங் தம்பி, மைலேஜ் மீட்டரு டீசலை அளந்து பாத்தா காட்டுது? எவ்வளவு ஊத்துனேன்னு ஈசிஎம் நெனைக்குதோ, அதைக் கூட்டிக் கழிச்சுக் காட்டுது. அந்த நெனப்பையே மாத்தி வுட்டிருக்கானுங்க."

இதுதான் இந்த வியாபாரத்தின் மொத்த ரகசியம், கொஞ்சம் விளக்கமாகச் சொல்கிறேன். காமன் ரெயில் என்ஜினில் (டீசலை ஒரே குழாயில், அதாவது ரெயிலில், அழுத்தத்தோடு வைத்து இன்ஜெக்டர் வழியாகப் பீய்ச்சும் வகை) ஈசிஎம் முதலில் "இந்த ஸ்ட்ரோக்குக்கு இத்தனை மில்லிகிராம் டீசல்" என்று முடிவு செய்யும். பிறகு, "ரெயிலில் இந்த அழுத்தம் இருக்கும்போது இத்தனை மில்லிகிராம் போக இன்ஜெக்டரை எத்தனை மைக்ரோ வினாடி திறக்க வேண்டும்" என்று ஒரு அட்டவணையைப் பார்க்கும். ஒழுங்காக ரீமேப் செய்பவர் முதல் கட்டத்தில் வேலை செய்வார்: எவ்வளவு டீசல், எவ்வளவு காற்று இருந்தால் எவ்வளவு, எந்த ஆர்பிஎம்மில் டார்க் எங்கே நிற்க வேண்டும், எல்லாவற்றையும் ஒன்றோடொன்று பொருத்திப் பார்த்து மாற்றுவார். நேரம் பிடிக்கும், அந்த வண்டியின் அளவுகள் வேண்டும். சோம்பேறி வழி இரண்டாவது அட்டவணையை ஒரேயடியாக நீட்டிவிடுவது. 40 மில்லிகிராம் என்று ஈசிஎம் நினைக்கும், 48 போகும்.

அப்படிச் செய்தால் டார்க் லிமிட்டர், காற்றுக்கு ஏற்ப டீசலைக் கட்டுப்படுத்தும் புகை லிமிட்டர் எல்லாமே பொய்க்கணக்கை நம்பித் தூங்கிவிடும். அதனால்தான் கரும்புகை. குளிரில் மெயின் இன்ஜெக்‌ஷனுக்கு முன் போகும் சின்ன பைலட் அளவும் கெட்டுவிடும், அதுதான் கடகட. கிளட்ச்சுக்கு யாரும் கணக்கே போடவில்லை. மீட்டரில் மைலேஜ் ஏறும். ஏறத்தான் செய்யும், போகிற டீசலில் ஆறில் ஒரு பங்கை ஈசிஎம் எண்ணவே இல்லையே. ரெயில் பிரஷர் சென்சாரில் மாட்டும் "டியூனிங் பாக்ஸ்" செய்வதும் இதே தில்லுமுல்லுதான், வழி மட்டும் வேறு: அழுத்தம் குறைவாக இருப்பதாக ஈசிஎம்முக்குப் பொய் சொல்லி அழுத்தத்தை ஏற்ற வைக்கும்.

அண்ணன் இன்னொன்றும் காட்டினார். "டர்போ பூஸ்ட் (தள்ளும் காற்றழுத்தம்) 0.3 பார் கூட்டியிருக்கிறோம்" என்று சீட்டில் போட்டிருந்தது. இந்த 75 குதிரை என்ஜினில் இருப்பது ஃபிக்ஸட் ஜியாமெட்ரி டர்போ, அமைப்பு மாறாத வகை. அதன் வேஸ்ட்கேட் (கூடுதல் அழுத்தத்தை வெளியே விடும் கதவு) காற்றழுத்தம் தள்ளினால் தானே திறக்கிற வகை, ஈசிஎம் பூஸ்டைப் பிடித்து ஏற்றுவதற்கு அதில் கைப்பிடியே இல்லை. அது 90 குதிரை என்ஜினின் விஜிடி (அமைப்பை மாற்றிக்கொள்ளும்) டர்போவுக்கு எழுதிய சீட்டு. அதாவது எனக்கு வந்தது கூடுதல் டீசல் மட்டும், கூடுதல் காற்று கிடையாது.

விற்பனையாளரிடம் சொன்னபோது முதலில் "உங்க இன்ஜெக்டர் பழசு சார்" என்றார். பிறகு "3,000 கட்டுங்க, சாஃப்ட் ஃபைல் தர்றோம்" என்றார். பழையபடி மாற்றிக் கொடுங்கள், அது போதும் என்றேன். "ஸ்டாக் ஃபைல்" என்று ஒன்று அனுப்பினார். ஏற்றினேன். செல்ஃப் சுற்றியது, என்ஜின் பிடிக்கவே இல்லை. அன்று இரவோடு என் எண்ணைத் தடை செய்துவிட்டார்.

வண்டியை டோ செய்து கோயம்புத்தூரில் ஈசிஎம் வேலை பார்க்கும் ஒருவரிடம் விட்டேன். ஈசிஎம்மைக் கழற்றி மேசையில் வைத்து, நேரடியாக இணைத்து, என் வண்டியின் சாஃப்ட்வேர் எண்ணுக்கான சரியான கோப்பை எழுதி உயிர் கொடுத்தார். கிளம்பும் முன், என் பென்டிரைவில் இருந்த அந்த 14,000 ரூபாய்க் கோப்பை ஒரிஜினலோடு பக்கத்தில் வைத்துத் திரையில் ஒப்பிட்டுக் காட்டினார். வித்தியாசம் இருக்கும் எண்கள் சிவப்பில் வரும். முழுக் கோப்பிலும் சிவப்பு ஒரே ஒரு அட்டவணையில்தான் இருந்தது, மேலே சொன்ன அந்த இரண்டாவது அட்டவணை. அதில் எந்த எண்ணை எடுத்தாலும் அதே 20 சதவீத ஏற்றம். "இது அஞ்சு நிமிஷ வேலைங்க" என்றார்.

கூரியரில் வருவதெல்லாம் மோசமா என்றால், இல்லை. அமெரிக்காவில் தூரத்திலிருந்தே ஒழுங்காக ட்யூன் செய்து தருகிறவர்கள் நிறைய. அவர்கள் செய்வது என்னவென்றால், முதல் கோப்பு வந்ததும் நீங்கள் ஓட்டி, ரெயில் அழுத்தம், பூஸ்ட், காற்றின் எடை, பெட்ரோல் என்றால் நாக் (எரிபொருள் தப்பான நேரத்தில் வெடிப்பது) விவரம் எல்லாவற்றையும் லாக்காகப் பதிந்து அனுப்ப வேண்டும். அதைப் பார்த்து அவர்கள் திருத்துவார்கள், மறுபடி லாக் கேட்பார்கள். உங்கள் வண்டியின் லாக்கைப் பார்க்காமல் கொடுக்கும் கோப்பு ஊருக்கெல்லாம் தைத்த சட்டை. ஆகவே பணம் கட்டும் முன் முதல் கேள்வி: "எத்தனை முறை லாக் பார்த்துத் திருத்தித் தருவீர்கள்?" அதற்குத் தடுமாறினால் பேச்சை முடித்துவிடலாம். சரியாகப் பதில் சொன்னால், என் வண்டியின் முழு ஒரிஜினல் கோப்பு என் கையில் வருமா என்று கேளுங்கள். கிளட்ச் எத்தனை நியூட்டன் மீட்டர் தாங்கும், அதற்கு எங்கே வரம்பு வைப்பீர்கள் என்றும் கேளுங்கள். டைனோ தாள் கொடுத்தால் ஒரே வண்டி, ஒரே நாள், முன்னும் பின்னும் என்று இருக்க வேண்டும்.

சட்டப் பக்கமும் இருக்கிறது, விற்பவர்கள் வாயே திறக்க மாட்டார்கள். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு உற்பத்தியாளர் கொடுத்த விவரத்திலிருந்து வண்டியை மாற்றுவதைக் கட்டுப்படுத்துகிறது. 2019 திருத்தத்தில் வந்த 182ஏ பிரிவின்படி, அனுமதியில்லாத மாற்றத்துக்கு உரிமையாளருக்கு ஆறு மாதம் வரை சிறை, அல்லது மாற்றம் ஒன்றுக்கு 5,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டுமே. சாஃப்ட்வேர் கண்ணுக்குத் தெரியாதே என்பார்கள். பிஎஸ்-4 (மாசு விதியின் ஒரு கட்டம்) டீசலுக்குப் புகைச் சோதனையில் வரம்பு 50 ஹார்ட்ரிட்ஜ் அலகு (புகையின் அடர்த்தி அளவு). நீட்டிவிட்ட கோப்போடு அங்கே போனால் தெரிந்துவிடும். வாரண்டி இருக்கும் வண்டி என்றால் இன்னும் மோசம். ஃபோக்ஸ்வாகன் குழும வண்டிகளில் மாற்றிய கோப்பு தெரிந்தால் கணக்கில் டிடி1 என்ற குறி விழும், அதன் பிறகு என்ஜின், கியர்பாக்ஸ் வாரண்டியை மறந்துவிடலாம். "இஜிஆர் (வெளியேறும் வாயுவில் கொஞ்சத்தை மறுபடி என்ஜினுக்குள் அனுப்பும் அமைப்பு) ஆஃப் இலவசம்" என்று என் விற்பனையாளர் எனக்கும் ஆசை காட்டினார். அது மாசுக் கட்டுப்பாட்டையே பிடுங்குவது, அதற்கு வாதாட இடம் கிடையாது.

புகார் கொடுக்க நினைப்பவர்களுக்கு: தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. 2019 நுகர்வோர் சட்டப்படி விற்றவர் எந்த மாநிலத்தில் இருந்தாலும் நீங்கள் குடியிருக்கும் மாவட்ட ஆணையத்திலேயே வழக்குப் போடலாம், 5 லட்சம் ரூபாய் வரை கட்டணம் இல்லை. வாட்ஸ்அப் உரையாடலை எக்ஸ்போர்ட் செய்து, பெட்டியின் கூரியர் ஒட்டுச்சீட்டு, யுபிஐ ரசீது, அவர் அனுப்பிய இரண்டு கோப்புகள் எல்லாவற்றையும் சேர்த்துவையுங்கள். கிரெடிட் கார்டில் கட்டியிருந்தால் வங்கியிடம் சார்ஜ்பேக் (கட்டிய பணத்தைத் திரும்பப் பெறுவது) கேட்டுப் பார்க்கலாம். சட்டம் தடுக்கிற மாற்றத்தைச் சரியாகச் செய்து தரவில்லை என்று ஆணையத்தில் போய் நிற்பது கொஞ்சம் சங்கடமான நிலைதான், வக்கீலும் அதைச் சொன்னார். அதனால் பவர் வரவில்லை என்று எழுதவில்லை. பேக்கப் எடுத்ததாகப் பொய் சொன்னது, வேறு என்ஜினுக்கான சீட்டைக் கொடுத்தது, வண்டியை நின்றுபோக வைத்த கோப்பை அனுப்பியது, இந்த மூன்றை மட்டும் வைத்துப் புகாரை எழுதியிருக்கிறோம்.