புதியது என்று விற்கப்பட்ட பழைய கிராபிக்ஸ் கார்டு: கணினி அசெம்பிள் செய்ய நினைப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை

உயர்திறன் கணினியை உதிரிபாகங்களாகத் தேர்ந்தெடுத்துக் கட்டமைப்பதில் ஆர்வம் உள்ளவர்களுக்காக இதை எழுதுகிறேன். 2023-ஆம் ஆண்டின் தொடக்கத்தில், சென்னை ரிச்சி தெருவை ஒட்டிய ஒரு கடையில் நான் வாங்கிய கணினியில், பில்லில் எழுதியிருந்த எஸ்எம்பிஎஸ்ஸுக்கு (கணினிக்கு மின்சாரம் வழங்கும் பெட்டி) பதிலாக மலிவான வேறொன்று பொருத்தப்பட்டிருந்தது. புதியது என்று சொல்லி முழு விலை வாங்கிய கிராபிக்ஸ் கார்டோ, ஏற்கெனவே வேறெங்கோ நெடுநாள் உழைத்து ஓய்ந்த பழைய கார்டு. விவகாரம் நுகர்வோர் ஆணையத்தில் இருப்பதால் கடையின் பெயரை இங்கே எழுதவில்லை. ஆனால் இந்த மோசடி எந்த வழியில் நடக்கிறது, அதை எங்கே பார்த்தால் பிடிபடும் என்பதை மறைக்க வேண்டிய தேவை எனக்கில்லை.

கோயில் தூண்களையும் சிற்பங்களையும் நூற்றுக்கணக்கான புகைப்படங்களாக எடுத்து, அவற்றிலிருந்து முப்பரிமாண வடிவங்களை உருவாக்கி, பிளெண்டர் என்ற முப்பரிமாண மென்பொருளில் ரெண்டர் செய்வது, அதாவது ஒளிநிழலோடு முழுப் படமாக்குவது, என் பொழுதுபோக்கு. இந்த வேலைக்கு வேகத்தைவிடக் கிராபிக்ஸ் கார்டின் நினைவகக் கொள்ளளவு முக்கியம் என்பதால், 24 ஜிபி நினைவகம் உள்ள ஆர்டிஎக்ஸ் 3090 கார்டைத் தேர்ந்தெடுத்தேன். அதனுடன் 16 கோர்கள் கொண்ட ரைசன் 9 7950எக்ஸ் பிராசஸர். கார்டு மட்டும் 350 வாட் இழுக்கும். பிராசஸர் முழுச் சுமையில் 230 வாட் வரை போகும். ஆகவே 1000 வாட், கோல்டு தரச்சான்று, எல்லாக் கேபிள்களையும் தனித்தனியாகக் கழற்றி மாட்டக்கூடிய எஸ்எம்பிஎஸ் வேண்டும் என்று மாடல் பெயரோடு கொட்டேஷனில் எழுதி வாங்கினேன்.

பாகங்களை வீட்டுக்குக் கொண்டுவந்து நானே பொருத்துவதுதான் என் விருப்பம். சொல்லப்போனால் இந்தப் பொழுதுபோக்கின் பாதி மகிழ்ச்சி அதில்தான் இருக்கிறது. ஆனால், மொத்தமாக வாங்கினால் தருவதாகச் சொன்ன விலை தங்களிடமே அசெம்பிள் செய்தால் மட்டும்தான் என்றும், இல்லாவிட்டால் வாரண்டிக்குத் தாங்கள் பொறுப்பில்லை என்றும் கடைக்காரர் நிபந்தனை வைத்தார். கணினியைக் கையில் கொடுத்த அன்று, மதர்போர்டு பெட்டியைத் தவிர மற்ற பெட்டிகள் குடோனில் இருப்பதாகவும் இரண்டொரு நாளில் அனுப்பிவைப்பதாகவும் சொன்னார்கள். பில்லில் ஒவ்வொரு பொருளின் பெயரும் விலையும் 18 சதவீத ஜிஎஸ்டியும் ஒழுங்காகவே இருந்தன. எந்தப் பொருளுக்கும் சீரியல் நம்பர் மட்டும் இல்லை. கேட்டதற்கு, "பெட்டியிலேயே இருக்கும் சார், வாரண்டிக்கு அதுவே போதும்" என்றார்கள்.

வீட்டில் சாதாரண வேலைகளுக்குக் கணினி நன்றாகவே ஓடியது. கனமான காட்சி ஒன்றை ரெண்டர் செய்யத் தொடங்கியதும், எந்த எச்சரிக்கையும் இல்லாமல் சட்டென்று அணைந்து மீண்டும் தானாக எழுந்தது. விண்டோஸின் நிகழ்வுப் பதிவேட்டில் கெர்னல் பவர் 41 என்ற பதிவு மட்டும் இருந்தது. கணினி முறைப்படி மூடப்படாமல் நின்றுபோனது என்பதற்கு மேல் அது எதையும் சொல்லாது. கடைக்குத் தொலைபேசியில் சொன்னபோது, "உங்க ஏரியா கரண்ட்ல ஏற்ற இறக்கம் இருக்கும் சார், நல்ல யூபிஎஸ் ஒண்ணு போட்டுக்கோங்க, நம்மகிட்டயே இருக்கு" என்ற பதில் வந்தது. அடுத்த முறை அழைத்தபோது விண்டோஸை மறுபடி போடச் சொன்னார்கள். சுமை ஏறும்போது மட்டும் அணைகிற கணினியில் முதலில் சந்தேகப்பட வேண்டியது எஸ்எம்பிஎஸ்ஸை. அதை மட்டும் அவர்கள் ஒரு தடவைகூடப் பேச்சில் எடுக்கவில்லை.

இப்போது வரும் கேபினெட்டுகள் பலவற்றில் எஸ்எம்பிஎஸ் அடிப்பகுதியில், ஒரு தகட்டு மூடிக்குள் அமர்ந்திருக்கும். கண்ணாடிப் பக்கம் வழியாகப் பார்த்தால் மூடி மட்டுமே தெரியும். பின்புறத்திலிருந்த நான்கு திருகுகளைக் கழற்றி அதை வெளியே இழுத்தபோதுதான் உண்மை தெரிந்தது. அதே பிராண்டு, அதே கறுப்பு நிறம். ஆனால் மேற்பக்க லேபிளில் இருந்தது 650 வாட், புரோன்ஸ் (வெண்கலம்) தரச்சான்று. கேபிள்கள் கழற்ற முடியாதபடி பெட்டிக்குள்ளிருந்தே புறப்பட்டன. தேவையற்றவை ஒரு கொத்தாகக் கட்டப்பட்டு மூடிக்குள் திணிக்கப்பட்டிருந்தன. கிராபிக்ஸ் கார்டின் இரண்டு எட்டு பின் சாக்கெட்டுகளுக்கும் தனித்தனிக் கேபிள் கொடுக்காமல், ஒரே கேபிளின் இரண்டு தலைகளைச் செருகியிருந்தார்கள். பில்லில் இருந்த மாடலுக்கும் இதற்கும் விலையில் ஏறத்தாழப் பத்தாயிரம் ரூபாய் வித்தியாசம்.

இது வெறும் பத்தாயிரம் ரூபாய் விவகாரம் இல்லை. 3090 கார்டுக்குக் குறைந்தது 750 வாட் எஸ்எம்பிஎஸ் வேண்டும் என்பது அதன் சில்லை வடிவமைத்த என்விடியா நிறுவனமே சொல்லியிருக்கும் அளவு. அந்தக் கார்டு சராசரியாக 350 வாட் எடுத்தாலும், சில மில்லி வினாடிகளுக்கு அதைவிட மிக அதிகமாக ஏறி இறங்கும் இழுப்பு அதற்கு உண்டு. அந்த இழுப்பைத் தாங்காத எஸ்எம்பிஎஸ், பாதுகாப்புச் சுற்று இயங்கித் தன்னைத்தானே அணைத்துக்கொள்ளும். இந்தச் சிக்கல் பரவலாக இருந்ததால்தான், 2022-இல் வந்த ஏடிஎக்ஸ் 3.0 வரையறையில் இத்தகைய நொடிப்பொழுது இழுப்புகளைத் தாங்கும் திறன் கட்டாயமாக்கப்பட்டது. என் கணினியில் பாதுகாப்புச் சுற்று வேலை செய்தது, அணைந்ததோடு போயிற்று. அதுவும் இல்லாத எஸ்எம்பிஎஸ்ஸாக இருந்திருந்தால் மதர்போர்டையும் கார்டையும் சேர்த்தே பலிகொண்டிருக்கலாம். கோல்டு, புரோன்ஸ் என்ற சான்றுகள் மின்சாரத்தை எவ்வளவு வீணாக்காமல் மாற்றுகிறது என்பதை மட்டுமே அளக்கின்றன என்பதையும் இங்கே சொல்லிவிடுகிறேன். பாதுகாப்புக்கு அந்தச் சான்று பொறுப்பேற்பதில்லை.

எஸ்எம்பிஎஸ்ஸில் கைவைத்தவர்கள் மற்றவற்றை விட்டுவைத்திருப்பார்களா என்ற எண்ணத்தில் எல்லாவற்றையும் சோதித்தேன். தரவைச் சேமித்துவைக்கும் எஸ்எஸ்டியைச் சோதிப்பது எளிது. கிறிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ என்ற இலவச மென்பொருள், அது இதுவரை எத்தனை மணி நேரம் இயங்கியது, எவ்வளவு தரவு எழுதப்பட்டது என்பதை அதன் உள்பதிவிலிருந்தே எடுத்துக் காட்டிவிடும், என்னுடையது புதியதுதான். கிராபிக்ஸ் கார்டில் அப்படி ஒரு கணக்கைப் பயனர் பார்க்க வழியில்லை. ஜிபியு-இசட் மென்பொருள் அதை அசல் 3090 என்றே காட்டியது. மலிவான பழைய கார்டின் பயாஸை (கார்டுக்குள் பதிந்திருக்கும் மென்பொருளை) மாற்றி உயர்ந்த மாடலாக விற்கும் போலிகளை அந்த மென்பொருள் 2018 முதல் கண்டுபிடித்துச் சொல்கிறது. ஆனால் அசல் கார்டின் வயதை அதனால் சொல்ல முடியாது. பழைய அசல் கார்டைப் புதியதாக விற்பவர்களுக்கு இந்த இடைவெளிதான் வசதி.

ஹெச்டபிள்யூஇன்ஃபோ மென்பொருளில் நினைவகச் சில்லுகளின் வெப்பநிலையைப் பார்த்தபோது, ரெண்டர் தொடங்கிய சற்று நேரத்தில் 110 டிகிரி செல்சியஸைத் தொட்டு, கார்டு தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொண்டது. கார்டைக் கழற்றி வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தேன். பின்தகட்டின் ஓரத்தில், உள்ளே சில்லுகளின் சூட்டை உலோகத்துக்குக் கடத்தும் வெப்பப் பட்டைகளிலிருந்து கசிந்த சிலிகோன் எண்ணெய் மெல்லிய பிசுக்காகப் படிந்திருந்தது. வெளிப்புறம் பளபளவென்று துடைக்கப்பட்டிருந்தாலும், விசிறி இறக்கைகளுக்கு இடையே டார்ச் அடித்தபோது அலுமினியத் தகடுகளின் அடியில் பழுப்பு நிறத் தூசி அடைந்திருந்தது. மானிட்டர் கேபிள் செருகும் பக்கத்து உலோகப் பட்டையின் மூலையில் துரு. மதர்போர்டில் செருகும் தங்கப் பற்களில் பலமுறை செருகி எடுத்ததற்கான கீறல் வரிசை. நடுவிலுள்ள திருகுகளில் ஒன்றின் மேல் இருக்க வேண்டிய வாரண்டி ஸ்டிக்கரைக் காணவில்லை. திருகின் தலையில் ஸ்குரூடிரைவர் நழுவிய தழும்பு இருந்தது. பெட்டியைப் பிரித்து நாள்கள்கூட ஆகாத கார்டில் இவற்றில் ஒன்றும் இருக்கக் கூடாது.

இத்தகைய கார்டுகள் எங்கிருந்து வந்தன என்பது ஊரறிந்த செய்தி. எத்தீரியம் என்ற கிரிப்டோ நாணயத்தை 2022 செப்டம்பர் 15 வரை கிராபிக்ஸ் கார்டுகளைக் கொண்டு மைனிங் செய்தார்கள், அதாவது அவற்றை ஓயாமல் கணக்குப் போடவைத்து நாணயம் ஈட்டினார்கள். அன்று அந்த வலையமைப்பு மைனிங் தேவைப்படாத முறைக்கு மாறியதால், இரவுபகலாக ஓடிய கார்டுகள் உலகெங்கும் ஒரே நேரத்தில் வேலையிழந்து பழைய சந்தைக்கு வந்தன. 2021-இல் என்விடியா தன் 30 வரிசையின் பல மாடல்களில் மைனிங் வேகத்துக்குக் கடிவாளம் போட்டது. 3090-க்கு மட்டும் போடவில்லை. அதனால் மைனிங் செய்தவர்கள் அதை விரும்பி வாங்கினார்கள். இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். 3090-இல் உள்ள 24 நினைவகச் சில்லுகளில் 12 சில்லுகள் பலகையின் பின்பக்கம், விசிறிக் காற்று எட்டாத இடத்தில் இருக்கின்றன. எத்தீரியம் மைனிங் முதன்மையாக நினைவகத்தைத்தான் வாட்டும். ஆக, அதிகம் சூடாகும் உறுப்பு அதிகம் வேலை வாங்கப்பட்ட கார்டு இது. பழைய கார்டைப் பழையது என்று சொல்லி அதற்கேற்ற விலைக்கு விற்பதில் தவறே இல்லை. வெப்பப் பட்டைகளை மாற்றினால் அவற்றில் பல இன்னும் நன்றாக உழைக்கும். சுத்தம் செய்து, பிளாஸ்டிக் உறை போட்டு, புதியதன் விலையை வாங்குவது மோசடி.

கேட்டுக் கேட்டு ஒருவழியாகப் பெட்டிகள் வந்து சேர்ந்தன. கிராபிக்ஸ் கார்டின் பெட்டியில் இருந்த சீரியல் நம்பரும் கார்டின் பின்தகட்டில் இருந்த சீரியல் நம்பரும் வெவ்வேறு. தயாரிப்பு நிறுவனத்தின் சர்வீஸ் சென்டருக்குக் கார்டை எடுத்துச் சென்றேன். அந்த எண்ணுக்குரிய கார்டு 2021-இல் வேறொரு நாட்டுச் சந்தைக்கு அனுப்பப்பட்டது என்றும், இந்தியாவில் அதற்கு வாரண்டி கிடையாது என்றும் கணினியில் பார்த்துச் சொன்னார்கள், எழுத்திலும் கொடுத்தார்கள். அதோடு கடைக்குப் போனபோது, எஸ்எம்பிஎஸ் விஷயத்தில் "பையன் மாத்தி மாட்டிட்டான் சார்" என்றார் உரிமையாளர். கார்டு விஷயத்தில் அவருடைய பேச்சு வேறாக இருந்தது: நான் வீட்டில் கார்டை மாற்றிவைத்துவிட்டு வந்து பழி போடுவதாக, மற்ற வாடிக்கையாளர்கள் கேட்கும்படி சொன்னார். பில்லில் சீரியல் நம்பர் எழுதாததன் முழுப் பொருளும் எனக்கு அப்போதுதான் விளங்கியது. எந்தக் கார்டை விற்றார்கள் என்பதற்கு ஆதாரமே இல்லாதபோது, இது நாங்கள் விற்ற கார்டே இல்லை என்று சொல்ல அவர்களால் முடியும்.

எனக்கு உதவியது அவர்களே அனுப்பிய ஒரு புகைப்படம். அசெம்பிள் முடிந்ததும், வேலை ஆகிவிட்டது என்று காட்ட வாட்ஸ்அப்பில் ஒரு படம் அனுப்பியிருந்தார்கள். கார்டு மதர்போர்டில் படுத்திருக்கும் நிலையில் அதன் பின்தகடு மேலே தெரியும் என்பதால், படத்தைப் பெரிதாக்கியபோது ஸ்டிக்கரில் இருந்த எண்ணைப் படிக்க முடிந்தது. என் கையில் இருந்த கார்டின் எண்தான் அது.

தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915-இல் புகார் பதிவு செய்த பிறகு, பில்லில் உள்ள எஸ்எம்பிஎஸ்ஸைக் கடைக்காரர் மறுபேச்சில்லாமல் கொடுத்தார். அந்த உதவி மையம் கடைக்குத் தகவல் அனுப்பிச் சமரசம் செய்ய முயலுமே தவிர, உத்தரவு போடும் அதிகாரம் அதற்கு இல்லை. கார்டுக்குப் பாதி விலை தருவதாகச் சொன்னதை ஏற்காமல் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு கொடுத்திருக்கிறேன். 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், பழைய அல்லது புதுப்பிக்கப்பட்ட பொருளைப் புதியது என்று பொய்யாகக் காட்டுவதை 2(47) பிரிவில் நேர்மையற்ற வணிக நடைமுறை என்றே சொல்கிறது. கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய்க்குள் இருந்தால் மனுவுக்குக் கட்டணம் இல்லை. கடை எந்த ஊரில் இருந்தாலும் நாம் வசிக்கும் மாவட்டத்திலேயே மனு கொடுக்கலாம். வழக்குக்கான காரணம் எழுந்த நாளிலிருந்து 2 ஆண்டுகளுக்குள் கொடுக்க வேண்டும். "விற்ற பொருள் திரும்பப் பெறப்படமாட்டாது" என்று பில்லின் அடியில் அச்சடித்திருப்பதைப் பார்த்துத் தயங்கிப் பின்வாங்கியவர்கள் பலரை எனக்குத் தெரியும். குறையுள்ள பொருளைத் திரும்பப் பெற மறுப்பதும் அதே பிரிவில் நேர்மையற்றதாகச் சொல்லப்பட்டிருக்கும் நடைமுறைதான்.

அசெம்பிள் செய்யக் கொடுக்கிறவர்கள், பிராசஸர், மதர்போர்டு, ரேம், எஸ்எஸ்டி, கிராபிக்ஸ் கார்டு, எஸ்எம்பிஎஸ் ஆகிய ஆறுக்கும் சீரியல் நம்பர் பில்லில் ஏற வேண்டும் என்பதை முன்பணம் கொடுக்கும் முன்பே பேசி முடித்துவிடுங்கள். பெட்டிகளின் சீல் உங்கள் கண்ணெதிரே பிரிக்கப்படட்டும். பிராசஸர் கூலருக்கு அடியிலும் எஸ்எம்பிஎஸ் மூடிக்கு உள்ளேயும் போய்விடுவதால், பொருத்துவதற்கு முன்பே அவற்றின் லேபிளைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். வெளியூரிலிருந்து கூரியரில் வாங்குபவர்கள் அந்தப் படங்களைக் கடைக்காரரிடமே கேட்டு வாங்கலாம். கிராபிக்ஸ் கார்டின் எண்ணைத் தயாரிப்பு நிறுவனத்தின் வாரண்டிப் பக்கத்தில் அங்கேயே நின்று தட்டிப் பாருங்கள். காலிப் பெட்டிகள் அனைத்தும் கணினியோடு சேர்ந்தே வர வேண்டும்.

இவற்றைக் கேட்டால் கடைக்காரர் கோபித்துக்கொள்வார் என்று நினைக்க வேண்டாம். அண்மையில் கூடுதல் ரேம் வாங்க அதே பகுதியில் ஒரு சிறிய கடைக்குச் சென்றேன். நான் வாய் திறக்கும் முன்பே, கல்லாவில் இருந்த அம்மா பெட்டியைப் பிரித்து, இரண்டு ரேம்களின் எண்களையும் சத்தமாகப் படித்துப் பில்லில் ஏற்றச் சொல்லி, சரிதானா என்று என்னையும் ஒருமுறை பார்க்கச் சொன்னார்.