கப்பலின் ஓரத்தில் ஒரு நீர்த்திரை: நிலையான தெளிப்பு அமைப்பு பற்றிய மதிப்புரை

கடற்கொள்ளையர் ஏறுவதைத் தடுக்கக் கப்பலின் ஓரக் கம்பிகளை ஒட்டி நிரந்தரமாகப் பொருத்தப்படும் நீர்த்தெளிப்பு அமைப்பை, சரக்கு ஏற்றியபின் தளம் நீர்மட்டத்துக்கு மிக அருகே தாழ்ந்துவிடும் மெதுவான கப்பல் ஒன்றில் பயன்படுத்திய அனுபவத்தைக் கொண்டு இதை எழுதுகிறேன். பிரிட்ஜிலிருந்து (கப்பலைச் செலுத்தும் மேல்தள அறை) பம்பை இயக்கியதும், இரு பக்கங்களிலும் பின்புறத்திலும் உள்ள நாசில்கள் (நீரைப் பீய்ச்சும் குறுகிய குழாய்முனைகள்) கடல்நீரை வெளிப்புறமாகப் பாய்ச்சுகின்றன. அதற்குள் நுழையும் சிறுபடகில் நீர் நிறைகிறது. ஏணியின் கொக்கியை மாட்ட முயல்பவரால் நிமிர்ந்து பார்க்கவும் முடியாது.

இதன் மிகப் பெரிய நன்மை, குழாயைப் பிடித்துக்கொண்டு எவரும் தளத்தில் நிற்க வேண்டியதில்லை என்பதே. தண்ணீர் துப்பாக்கிக் குண்டை நிறுத்தாது. ஆகவேதான் கப்பல் துறையின் கடற்கொள்ளைத் தடுப்பு வழிகாட்டிகளும், தீயணைப்புக் குழாய்களை ஆள் பிடித்து இயக்காமல் முன்கூட்டியே நிலையாகக் கட்டிவைக்கும்படி வலியுறுத்துகின்றன. மாலுமிகள் அனைவரும் உள்ளே பத்திரமாக இருக்கும்போதே திரை வேலை செய்வது எனக்குப் பெரும் நிம்மதியைத் தந்தது.

வாங்குவோர் மிகக் கவனமாகப் பார்க்க வேண்டியது பம்பின் திறன்; கப்பலின் தீயணைப்புப் பம்பிலிருந்தே நீரை எடுக்கும் அமைப்பென்றால் இன்னும் கவனம் தேவை. சோலாஸ் (கடலில் உயிர்ப் பாதுகாப்புக்கான சர்வதேச ஒப்பந்தம்) விதிகளின்படி, சரக்குக் கப்பலின் தீயணைப்புப் பம்புகளுக்குக் கட்டாயமாக வேண்டிய மொத்தத் திறன் மணிக்கு 180 கனமீட்டரைத் தாண்ட வேண்டியதில்லை. அந்த அளவோடு நிறுத்திக்கொண்ட நீண்ட கப்பலில் எல்லா நாசில்களையும் ஒரே நேரத்தில் திறந்தால், கடைசி நாசிலில் அழுத்தம் விழுந்து, திரை வெறும் தூறலாகிவிடும். தாக்குதலின்போதே தீயும் பிடித்தால் அதே பம்பை எதற்குத் தருவது என்ற கேள்வியும் எழுகிறது. பேலஸ்ட் தொட்டிகளை (கப்பலின் சமநிலைக்காகக் கடல்நீர் நிரப்பும் தொட்டிகள்) நிரம்பி வழியவிட்டுப் பக்கவாட்டில் நீரை இறக்கும் முறை நல்ல பலன் தருவதுதான். ஆனால் சரக்கு ஏற்றித் தளம் தாழ்ந்திருக்கும் ஆபத்தான பயணத்தில் அத்தொட்டிகள் பெரும்பாலும் காலியாகவே இருக்கும். ஆகவே தனிப் பம்பும் அதற்கான மின்திறனும் உள்ள அமைப்பையே நான் பரிந்துரைப்பேன்.

பராமரிப்பு எளிதன்று. உப்பும் துருவும் நாசில்களை அடைப்பதால், ஒவ்வொரு பயிற்சிக்குப் பின்னும் நன்னீரால் கழுவ வேண்டியிருந்தது. பலத்த காற்று வீசும்போது, காற்று வரும் பக்கத்துத் தெளிப்பு தளத்தின் மீதே திரும்புகிறது. முள்கம்பிச் சுருளை நீக்கிவிட்டு இதை மட்டும் நம்புவது தவறாகும். இரண்டும் சேர்ந்திருந்தால்தான் ஏறுவதற்கு நேரம் பிடிக்கும்.

விற்பனையாளர் பம்பின் வாயில் அளந்த அழுத்தத்தைக் காட்டினால் ஏற்காமல், எல்லா நாசில்களும் திறந்திருக்கும் நிலையில் பின்முனை நாசிலில் அளந்து காட்டச் சொல்லுங்கள்.